நட்ட கணக்கும் இருக்கும் கணக்கும்



மரம் நடுவதன் சிறப்பைச் சொல்லும் நபிமொழி நமக்குப் புதிதல்ல. ஒரு முஸ்லிம் மரம் ஒன்றை நட்டு, அல்லது பயிர் ஒன்றை இட்டு, அதிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாகிறது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை, அனஸ் (ரலி) வாயிலாக புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். ஜும்ஆ பயான்களில் பலமுறை கேட்டிருக்கிறோம். மக்தப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வதைக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நம் அறக்கட்டளை வெளியிட்ட மரம் நடும் துண்டுப் பிரசுரத்திலும் அதைத்தான் முதலில் அச்சிட்டோம். இந்த மாதப் பாடமும் அதைப் பற்றியதுதான். ஆனால், அதை நாங்கள் எவ்வளவு அரைகுறையாகப் படித்து வைத்திருந்தோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், நம் மஹல்லாவின் தெருக்களிலும் மையவாடியிலும் 120 மரக்கன்றுகள் நட்டோம். செலவு முழுவதும் உங்கள் நன்கொடை. பலர் மறைந்த தாய் தந்தையர் பேரில், ஸதகத்துல் ஜாரியாவாகக் கொடுத்தார்கள். நட்ட படமும் எண்ணிக்கையும் இந்த இதழில் வந்தன. அத்தோடு அந்தக் கோப்பை மூடிவிட்டோம்.

சென்ற ஆண்டு ஒரு நாள் லுஹருக்குப் பின் ஒரு தாயார் அலுவலகத்துக்கு வந்தார். "எங்க பிள்ளைங்களோட அத்தா பேர்ல மூணு கன்னுக்குப் பணம் கொடுத்தேனே தம்பி, அது எந்தத் தெருவுல இருக்கு? இந்தப் பக்கம் வந்தேன், பார்த்துட்டுப் போகலாம்னு" என்றார். ரசீது புத்தகத்தில் அவர் பெயர் இருந்தது. தொகை இருந்தது. எந்தத் தெரு, எந்தக் கன்று என்பது எங்கும் இல்லை. உடன் ஒருவரை அனுப்பினோம். இரண்டு தெரு நடந்து, காய்ந்த குச்சிகளையும் வெறும் இரும்புக் கூண்டுகளையும் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த வாரமே உட்கார்ந்து எண்ணினோம். தெருக்களில் நட்டவை 98. உயிரோடு இருந்தவை 8. மையவாடியில் நட்டவை 22, இருந்தவை 19. ஆக 120-ல் 27. இந்த எண்ணிக்கையை இத்தனை காலம் உங்களுக்குச் சொல்லாதது எங்கள் தவறு. இப்போது சொல்கிறோம்.

இனி அந்த நபிமொழிக்குத் திரும்புவோம். கூலி எதனோடு சேர்த்துச் சொல்லப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பறவை உண்ண வேண்டும், மனிதர் உண்ண வேண்டும், கால்நடை உண்ண வேண்டும். நட்ட மறுநாள் எதுவும் உண்ண முடியாது. கன்று வேர் பிடித்து, இரண்டு மூன்று கோடையைத் தாண்டி, பூத்துக் காய்த்தால்தான் அந்தத் தர்மம் ஓடத் தொடங்கும். நல்ல எண்ணத்துக்கு அல்லாஹ்விடம் கூலி உண்டு. அதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால் அடுத்தவர் பணத்தை வாங்கி நடும் அறக்கட்டளை எண்ணத்தைக் காட்டிக் கணக்கை முடித்துவிட முடியாது. அது அமானிதம்.

ஒரு சகோதரர் இதற்கு மறுப்பும் சொன்னார். கையில் ஒரு கன்று இருக்கும்போது கியாமத் வந்துவிட்டாலும், முடிந்தால் அதை நட்டுவிடும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்களே, அப்படியென்றால் நடுவது மட்டும்தானே நம் வேலை, வளர்ப்பது அல்லாஹ்வின் பொறுப்பு அல்லவா என்று கேட்டார். அந்த ஹதீஸ் முஸ்னத் அஹ்மதிலும் இமாம் புகாரீயின் அல் அதபுல் முஃப்ரதிலும் உள்ளதுதான். ஆனால் அது யாருக்குச் சொல்லப்பட்டது? அடுத்த நொடி இல்லாதவருக்கு. அவர் கையில் எஞ்சியிருப்பது நடும் வேலை ஒன்றுதான். அதையும் விடாதே என்கிறது. நமக்கோ கியாமத் வரவில்லை. அடுத்த வாரமும் இருந்தோம், அடுத்த கோடையிலும் இருந்தோம். ஒரு வாளித் தண்ணீரோடு போகத்தான் இல்லை.

ஸல்மான் (ரலி) செய்த ஒப்பந்தம்

நபித்தோழர்கள் சேர்ந்து மரம் நட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஸல்மான் பார்ஸீ (ரலி) அவர்கள் மதீனாவில் பனூ குறைழாவைச் சேர்ந்த ஒரு யூதரிடம் அடிமையாக இருந்தார்கள். அடிமைத்தளையினால் பத்ரிலும் உஹதிலும் அவர்களால் கலந்துகொள்ள முடியவில்லை. விடுதலைக்கு எஜமானருடன் ஒப்பந்தம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். விலை நாற்பது ஊக்கியா தங்கமும் முந்நூறு பேரீச்ச மரங்களும் என்று முடிவாயிற்று.

தோழர்களிடம் உதவச் சொன்னார்கள் நபியவர்கள். ஒருவர் முப்பது கன்று கொண்டுவந்தார், ஒருவர் இருபது, ஒருவர் பதினைந்து, ஒருவர் பத்து. அவரவர் சக்திக்கு ஏற்பக் கொடுத்து முந்நூறு சேர்ந்தது. குழிகளைத் தோண்டி முடித்துவிட்டுத் தம்மிடம் வந்து சொல்லும்படி ஸல்மானிடம் சொன்னார்கள். தோழர்கள் துணைக்கு வர, முந்நூறு குழிகளும் தோண்டப்பட்டன. (பின்னாளில் மதீனாவைக் காக்க அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவரும் இதே ஸல்மான்தான் என்பது நினைவுக்கு வருகிறது.) பிறகு நபியவர்கள் வந்தார்கள். கன்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, தம் கையாலேயே நட்டார்கள். அவற்றில் ஒன்றுகூடச் சாகவில்லை என்று ஸல்மான் (ரலி) சத்தியமிட்டுச் சொல்கிறார்கள். முஸ்னத் அஹ்மதிலும் இப்னு ஹிஷாமின் சீறாவிலும் இந்த வரலாறு விரிவாக இருக்கிறது.

ஒன்றுகூடச் சாகாதது நபியவர்களின் கையின் பரக்கத். அதை நாம் எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒப்பந்தத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். ஸல்மான் (ரலி) அதை விவரிக்கும்போது, குழி தோண்டி மரங்களை உயிர்ப்பித்துக் கொடுப்பது என்ற பொருள் தரும் அரபுச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெறும் நடுதல் அல்ல. காய்ந்த குச்சி முந்நூறைக் காட்டி ஒரு மனிதர் விடுதலை பெற்றிருக்க முடியாது. அந்தத் தோட்டத்தின் கணக்கு உயிரோடு நிற்கும் மரங்களின் கணக்கு. எங்கள் இதழில் நாங்கள் அச்சிட்ட கணக்கு வேறு.

வேலை எப்படிப் பிரிந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. கொடுப்பவர் கொடுத்தார்கள், தோண்டுபவர் தோண்டினார்கள். தலைவர் வந்து மண்ணில் கை வைத்தார்கள். எங்கள் நிகழ்ச்சியில் குழியைக் கூலியாட்கள் முன்தினமே தோண்டி வைத்தார்கள். நாங்கள் வெள்ளைச் சட்டையோடு வந்து, ஒரே கன்றை ஏழு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டோம். அபுத் தர்தா (ரலி) அவர்கள் திமிஷ்க் நகரில் மரம் நட்டுக்கொண்டிருந்தபோது வழியில் போன ஒருவர், நபித்தோழராகிய தாங்களா இந்த வேலையைச் செய்வது என்று வியந்தாராம். நம்மைப் பார்த்து யாரும் அப்படி வியக்க வாய்ப்புத் தரவில்லை.

கன்றுகள் ஏன் செத்தன?

மரம் வளர்த்துப் பழகியவர்களிடம் போய்க் கேட்டோம். முதல் கேள்வியே எங்களை உட்கார வைத்தது: "சென்னையில் ஜூன் மாதம் ஏன் நட்டீர்கள்?"

ஜூன் 5 கேரளத்துக்குப் பொருந்தும். அங்கே மழை அப்போதுதான் தொடங்கும். சென்னையில் அக்கினி நட்சத்திரம் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும், அவ்வளவுதான். தார் ரோட்டின் கொதிப்பு அடங்கியிருக்காது. நமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள்தான் பெய்கிறது. ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ நட்டால், வடகிழக்குப் பருவமழையைக் குடித்து வேர் கீழே இறங்கிவிடும். அடுத்த மார்ச்சில் வெயில் வரும்போது கன்றுக்குக் கொஞ்சமாவது தெம்பு இருக்கும். பேனர் வைக்க வசதியான நாளில் நட்டோம். கன்றுக்கு வசதியான நாள் எது என்று கேட்கவில்லை.

அடுத்தது குழி. இரண்டடி நீளம், அகலம், ஆழம் வேண்டும். எங்கள் குழிகள் பலவும் ஓரடிகூட இல்லை. தோண்டினால் செங்கல் துண்டும் பழைய சிமென்ட்டும் வந்தன என்று அப்படியே மூடிவிட்டார்கள். சென்னைத் தெருவோரத்தில் அதுதான் வரும். அந்த இடிபாட்டை அள்ளி அப்புறப்படுத்தி, செம்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பினால்தான் வேர் நகர இடம் கிடைக்கும். சில கன்றுகளின் பிளாஸ்டிக் பையைக்கூடக் கழற்றாமல் புதைத்திருந்ததை இப்போது பிடுங்கிப் பார்த்தபோது கண்டோம். பைக்குள் வேர் சுருண்டு சுருண்டு வளையமாகிக் கிடந்தது.

கன்றின் உயரமும் முக்கியம். நாங்கள் வாங்கியவை முழங்கால் உயரம், விலை மலிவு என்று. தெருவில் ஆடும் மாடும் திரிகின்றன. ஆறடி உயரக் கன்றானால் கொழுந்து அவற்றின் வாய்க்கு எட்டாது. கூடவே ஒரு கம்பு ஊன்றி, கன்றையும் கம்பையும் எட்டுப் போலச் சணல் சுற்றித் தளர்வாகக் கட்ட வேண்டும். கம்பியால் கட்டினால் தண்டு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கி அறுத்துவிடும்.

பிறகு தண்ணீர். இதில்தான் எல்லாம் போயிற்று. முதல் இரண்டு கோடையிலும் வாரம் இரண்டு முறையாவது, ஒரு கன்றுக்குப் பெரிய வாளி ஒன்று நிறைய ஊற்ற வேண்டும். மையவாடியில் மட்டும் 19 பிழைத்ததற்குக் காரணம் எங்கள் திட்டமிடல் அல்ல. அங்கே இருக்கும் பெரியவர், புதுக் கபரின் மண் அடங்கத் தண்ணீர் தெளிக்கும் அதே ரப்பர் குழாயைக் கன்றுகள் பக்கமும் திருப்பியிருக்கிறார். யாரும் சொல்லவில்லை, கூலியும் கேட்கவில்லை. தெருக்களில் பிழைத்த எட்டில் ஆறு, டீக்கடை வாசலிலோ வீட்டு வாசலிலோ நிற்பவை. ஒரு கன்று பிழைக்குமா என்பதைக் கன்றின் சாதியைவிட, அதன் எதிரே கதவைத் திறப்பவர் யார் என்பதே முடிவு செய்திருக்கிறது.

ஒளு செய்த தண்ணீர்

தண்ணீருக்கு எங்கே போவது என்று யோசித்தபோது பதில் பள்ளிவாசலின் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது. குழாயடியில் வாளி வைத்து அளந்தோம். ஒருவர் ஒளு செய்ய மூன்று லிட்டரிலிருந்து ஆறு லிட்டர் வரை போகிறது. நான்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள். வக்துக்கு நூறு பேர் என்றால் ஐந்து வக்துக்கும் 2,000 லிட்டர். ஒரு கன்றுக்குப் பதினைந்து லிட்டர் வீதம் 130 கன்றுகளுக்கு மேல் போதும்; அதுவும் ஒரே நாளின் தண்ணீர்.

ஒளு செய்த தண்ணீரை மீண்டும் ஒளுவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது நாம் அறிந்த சட்டம். மரத்துக்கு விடுவதில் தடை ஏதுமில்லை. சோப்புப் போட்டுக் கை கழுவும் குழாயை மட்டும் தனியாகப் பிரித்துவிட்டு, மற்றதைத் தரைக்கடியில் ஒரு தொட்டியில் சேர்த்தோம். சிறிய மோட்டார் ஒன்று. மூன்று சக்கர வண்டியில் இரண்டு டிரம்.

இங்கே ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவுத் தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று புகாரீயிலும் முஸ்லிமிலும் வருகிறது. மத்ஹபுக்கு மத்ஹப் கணக்குச் சற்று மாறினாலும் அது ஏறத்தாழ முக்கால் லிட்டர்தான். எனவே தொட்டி நிறைவது நமக்குப் பெருமையல்ல. மரத்துக்குத்தானே போகிறது என்று குழாயை முழுதாகத் திறந்துவிடுகிற புதுப் பழக்கம் ஒன்று இப்போது தொடங்கியிருக்கிறது. அதை முளையிலேயே நிறுத்த வேண்டும்.

இருக்கும் மரத்தைக் காப்பது

2016 டிசம்பர் 12. ரபீஉல் அவ்வல் மாதம். வர்தா புயல் சென்னையைக் கடந்த அந்த ஒரு நாளில் நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுநாள் காலை தெருவில் இறங்கிய எவருக்கும் அது மறந்திருக்காது. நிழலாகப் பார்த்துப் பழகிய தெருவெல்லாம் வெளிச்சமாக, அந்நியமாக இருந்தது. காற்று பலமானதுதான். ஆனால் விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்கள் வேறொன்றையும் பார்த்தார்கள். பல மரங்களில் ஒரு பக்கத்து வேரே இல்லை. கேபிளுக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் மழைநீர் வடிகாலுக்கும் பள்ளம் தோண்டும்போது வெட்டப்பட்ட வேர்கள் அவை. மறுபக்கம் தண்டு வரை சிமென்ட் பூசியிருந்தது. மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழித்ததில் பாரம் மறுபக்கம் சாய்ந்திருந்தது. காற்று கடைசியாக வந்து தள்ளியது.

மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்கு சிமென்ட்டை அகற்ற வேண்டும் என்று 2013-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் டெல்லி தொடர்பான வழக்கொன்றில் உத்தரவிட்டது. நம் தெருவில் அதற்குத் தீர்ப்பாயம் வரவேண்டியதில்லை. வாசலுக்கு டைல்ஸ் பதிக்கும்போது மரத்தடியில் மூன்றடிச் சதுரம் மண்ணாக விட்டுவிடும்படி கொத்தனாரிடம் சொன்னால் போதும்.

மாநகராட்சி தோண்ட வரும்போது வேரை வெட்டாமல் சற்று விலகிப் போகச் சொல்லலாம். சொன்னால் பல நேரம் கேட்கிறார்கள், சொல்ல ஆளில்லாததுதான் குறை. பொது இடத்து மரத்தை வெட்ட வேண்டுமென்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அனுமதியின்றி வெட்டுவதைக் கண்டால் மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லலாம்.

மதீனாவை நபி (ஸல்) அவர்கள் ஹரமாக அறிவித்தபோது அதன் எல்லைக்குள் மரங்களை வெட்டுவதைத் தடுத்தார்கள். ஓர் ஊரின் மரங்களுக்கு அன்றே எல்லை வகுத்துத் தரப்பட்ட பாதுகாப்பு அது. வெறும் உபதேசமாகவும் அது நிற்கவில்லை. ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அகீக்கில் இருந்த தம் மாளிகைக்குப் போகும் வழியில் ஒரு பணியாள் மரம் வெட்டுவதைக் கண்டு அவருடைய பொருட்களைப் பறிமுதல் செய்தார்கள். அவருடைய வீட்டார் வந்து கேட்டும் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். நபியவர்கள் எனக்குக் கொடுத்த உரிமையை நான் விடமாட்டேன் என்பது அவர்கள் பதில். இது முஸ்லிமில் இருக்கிறது. மக்கள் நிழலுக்கு ஒதுங்கும் இடத்தில் மலஜலம் கழிப்பது சாபத்துக்குரிய செயல்களில் ஒன்று என்ற ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. நம் தெருக்களில் மரத்தடி என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும். குப்பை கொட்டி, அதை அங்கேயே கொளுத்தி, பட்டை கருகிய மரங்கள் எத்தனை!

ஆணி அடிப்பதையும் சொல்ல வேண்டும். மரங்களில் ஆணியடித்து விளம்பரம் மாட்டினால் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்திருக்கிறது. டியூஷன் சென்டரைக் குறை சொல்லும் முன், நம் மதரஸா சேர்க்கை அறிவிப்பும் பெருநாள் தொழுகை நேர அட்டையும் எங்கே தொங்கின என்று பார்த்தோம். பள்ளிவாசல் எதிரே இருக்கும் வேம்பிலிருந்து மட்டும் ஒரு கைப்பிடி ஆணிகள் பிடுங்கினோம். பாதி நம்முடையவை.

சமூகமாகச் சேர்ந்து இதைச் செய்து காட்டியவர்கள் நம் நகரத்திலேயே இருக்கிறார்கள். கோட்டூர்புரத்தில் பறக்கும் ரயில் நிலையத்தை ஒட்டி, அடையாற்றின் கரையில் குப்பை கொட்டும் இடமாகக் கிடந்த பொதுப்பணித் துறை நிலத்தை, 'நிழல்' என்ற தன்னார்வ அமைப்பு 2006-லிருந்து மரப் பூங்காவாக மாற்றியிருக்கிறது. ஒரு நாள் விழாவில் வந்ததல்ல அந்தத் தோப்பு. தன்னார்வலர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து களையெடுத்து, தண்ணீர் ஊற்றி, மூடாக்குப் போட்டு வளர்த்தது. ஒருமுறை பிள்ளைகளோடு போய் நடந்து பாருங்கள். எந்த மரம் எது என்று தெரிந்துகொள்ளவும் அது நல்ல இடம்.

எந்த மரம்?

பறவை உண்ணும் மரம் என்பதை நபிமொழியிலிருந்தே எடுத்துக்கொண்டோம். வேப்பம்பழத்துக்கு மைனாவும் குயிலும் வரும். நாவல், அத்தி, இலந்தை இவையும் அப்படியே. கடற்காற்று அடிக்கும் தெருக்களுக்குப் புன்னையும் பூவரசும் ஏற்றவை. நிழல்தான் முதல் தேவை என்றால் புங்கன். நாவலைக் குறுகிய தெருவில் நட்டால் பழக்கறைக்காக வண்டிக்காரர்களின் சாபம் வந்து சேரும். அதற்குப் பள்ளி மைதானம் போல் இடம் வேண்டும். மின்கம்பிக்கு அடியில் மந்தாரையோ சரக்கொன்றையோ போதும். ஆலும் அரசும் சுவரோரத்தில் வேண்டாம். சீக்கிரம் வளர்ந்து சிவப்பாகவும் மஞ்சளாகவும் பூக்கும் குல்மோஹரும் பெருங்கொன்றையும் வர்தாவில் ஏராளமாக முறிந்ததைப் பார்த்தோம்.

வளைகுடாவிலிருந்து திரும்பிய சகோதரர்கள் சிலர் அங்கே தெருவெல்லாம் பச்சைச் சுவர்போல நிற்கும் கோனோகார்பஸை இங்கும் வைக்கலாமே என்கிறார்கள். வேகமாக வளரும், உண்மைதான். அதன் வேர் குழாய்களைத் தேடிப்போய் உடைக்கும், மகரந்தம் மூச்சுக் கோளாறுகளை உண்டாக்கும் என்ற புகார்களால் குஜராத் அரசு 2023-ல் அதை நடுவதற்குத் தடை விதித்தது. வேண்டாம் என்று தீர்மானித்தோம்.

மையவாடியைப் பொறுத்தவரை, இரு கபர்களின் மீது நபி (ஸல்) அவர்கள் பச்சைப் பேரீச்ச மட்டையைப் பிளந்து நட்ட ஹதீஸைச் சிலர் நினைவூட்டினார்கள். அதை நாம் பின்பற்றலாமா, அது நபியவர்களுக்கே உரியதா என்பதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அந்த விவாதத்துக்குள் இங்கே போகவில்லை. நாங்கள் கபர்களுக்கிடையே நடுவதை நிறுத்திவிட்டு, சுற்றுச்சுவர் ஓரமாக மட்டும் நடுகிறோம். நாளைக்குக் குழி வெட்டும்போது வேரை வெட்ட வேண்டி வராது. ஜனாஸாவோடு வருபவர்களுக்கு நிற்க நிழலும் கிடைக்கும்.

ஜமாஅத் கூட்டத்தில் ஒரு பூவரசு பற்றிப் பேச்சு வந்தது. ஒளு செய்யும் இடத்தின் மேல் நிற்கும் பழைய மரம். இலை உதிர்ந்து வடிகாலை அடைக்கிறது, வெட்டிவிடலாம் என்றார்கள். கையும் ஓங்கியது. கடைசியில் ஒரு இளைஞர் எழுந்து, வடிகால் வாயில் ஒரு சல்லடைத் தட்டு வைத்தால் என்ன என்று கேட்டார். வைத்தோம். மரம் நிற்கிறது. முத்தவல்லி அவர்களே தினமும் அஸருக்கு முன் சல்லடையைத் தட்டிவிடுகிறார்.

இப்போது எங்கள் பதிவேட்டில் 'நட்டது' என்ற பத்தியை எடுத்துவிட்டோம். கன்றின் எண், நிற்கும் இடம், எதிர் வீட்டில் பொறுப்பேற்றவர் பெயர், அதன்பின் மார்ச், ஜூன், செப்டம்பர் என்று மூன்று கட்டங்கள். அதில் 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று எழுதுகிறோம். யாரும் பொறுப்பேற்காத வாசலில் நடுவதில்லை. அதனால் சென்ற செப்டம்பரில் 34 கன்றுகள்தான் நட முடிந்தது. எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று சிலருக்கு வருத்தம். இந்த மார்ச் கணக்கில் 31 இருக்கின்றன. கோடை இனிமேல்தான்.

செத்துப்போன 93 கன்றுகளுக்கான பணத்தை நாங்கள் கடனாகவே எடுத்துக்கொண்டோம். நிர்வாகிகள் சொந்தப் பணத்திலிருந்து, பழைய நன்கொடையாளர் ஒவ்வொருவர் பேரிலும் மீண்டும் நட்டு வருகிறோம். சென்ற செப்டம்பரில் முதலாவதாக அந்தத் தாயாரிடம்தான் போனோம். மூன்று வேம்புகளில் ஒன்றைத் தம் வாசலிலேயே வைக்கச் சொன்னார். மற்ற இரண்டும் மையவாடிச் சுவரோரம். பெயர்ப் பலகை மாட்டட்டுமா என்று கேட்டோம். "எதுக்கு, அல்லாஹ்வுக்குத் தெரியாதா?" என்றார். தினமும் அரிசி களைந்த தண்ணீரை அதற்குத்தான் ஊற்றுகிறார். மார்ச் கட்டத்தில் மூன்றுக்கும் 'இருக்கிறது' என்று எழுதியிருக்கிறோம்.

அடுத்த எண்ணிக்கை ஜூன் முதல் ஞாயிறு, அஸருக்குப் பின், பள்ளிவாசல் வாசலிலிருந்து தொடங்கும். முன்பு நன்கொடை கொடுத்தவர்கள் வந்து தங்கள் கன்றைப் பார்க்கலாம். ரசீது தேவையில்லை, பெயர் சொன்னால் போதும். ஏப்ரல், மே இரண்டு மாதமும் மூன்று சக்கர வண்டி தள்ள செவ்வாய், வெள்ளி மாலைகளில் தலா இரண்டு பேர் வேண்டும். செவ்வாய்க்கு ஆள் கிடைத்துவிட்டார்கள்; வெள்ளிக்கு ஒருவர் குறைகிறார்.